95.7 வீதத்துக்குள் யார் இல்லை? எழுத்தறிவுக் கணக்கும் வடக்கு கிழக்கும்

இலங்கையில் 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 95.7 வீதமானோருக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்று 2012 ஆம் ஆண்டின் குடிசன, வீடுகள் தொகைமதிப்பு சொல்கிறது. தெற்காசியாவில் உயர்ந்த எழுத்தறிவு உள்ள நாடுகளில் ஒன்று என்று மேடைகளிலும் பாடப் புத்தகங்களிலும் நாம் கேட்டுப் பழகியது இந்த எண்ணையும் இதன் முன்னோடிகளையும் வைத்துத்தான். எண் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. அது எதை அளந்தது, எப்படி அளந்தது, யாரிடம் கேட்டது என்பவற்றைப் பார்த்தால், வன்னியில் ஒரு பிரதேச செயலகத்துக்கு முன்னால் காத்து நிற்கும் சனத்துக்கும் இந்த எண்ணுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது விளங்கும். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் புள்ளிவிபரம் படித்தவன் அல்ல. மீள்குடியேறிய கிராமங்களில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையோடு பல வருடங்களாகச் சேர்ந்திருப்பவன். வீட்டுத்திட்ட விண்ணப்பம், காணி அனுமதிப்பத்திரம், இறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய அலுவலகத்துக்கான விபரம், நுண்நிதிக் கடன் கடதாசி என்று எல்லாம் வரும். வருகிறவர்களில் யாரும் "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு. "கண்ணாடிய வீட்டில விட்டிட்டு வந்திட்டன், ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி" என்பார்கள். "எழுத்துச் சின்னனாக் கிடக்கு" என்பார்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவன் நல்லா வாசிப்பான்" என்று அவனை முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பெயரை வரைந்து பழகியிருப்பார்கள். குடிசன மதிப்பீட்டின் கட்டத்தில் இவர்கள் எந்தப் பக்கம் விழுந்திருப்பார்கள் என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் கேள்வி.

முதலில் வரைவிலக்கணம். அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு சிறிய, எளிய கூற்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் கூடியவர் எழுத்தறிவு உள்ளவர். 1958 இல் யுனெஸ்கோ பரிந்துரைத்தது இது. இலங்கையும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறது. வாசித்தால் நல்ல வரைவிலக்கணம்தான். அதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்பதில்தான் பிரச்சினை. தொகைமதிப்புக்கு வருகிறவர் ஒரு வசனத்தைக் காட்டி வாசிக்கச் சொல்வதில்லை. வீட்டில் இருக்கும் ஒருவரிடம், பெரும்பாலும் குடும்பத் தலைவரிடம், வீட்டில் உள்ள எல்லோரையும் பற்றிக் கேட்கிறார். சிங்களம் எழுத வாசிக்கத் தெரியுமா, தமிழ் தெரியுமா, ஆங்கிலம் தெரியுமா. பதில் ஆம் அல்லது இல்லை. பெண்சாதிக்குத் தெரியுமா என்று கணவன் சொல்கிறார். தாய்க்குத் தெரியுமா என்று மகன் சொல்கிறார்.

இதில் "விளங்கி" என்ற சொல் எங்கே போகிறது? கேள்வி கேட்கப்படும் முற்றத்திலேயே அது காணாமல் போய்விடுகிறது. கேட்பவர் ஊரில் அறிந்த முகம்; கிராம உத்தியோகத்தராகவோ ஆசிரியராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருப்பார். அவருக்கு முன்னால், பிள்ளைகளும் அயலும் கேட்டுக்கொண்டிருக்க, "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்கு நமது சமூகத்தில் எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். படிப்பை ஒரு சாதிச் சொத்தைப்போலப் பெருமை பேசும் யாழ்ப்பாணத்தில் அது இன்னும் கடினம். கேட்பவருக்கும் ஒரு நாளில் முடிக்கவேண்டிய வீடுகள் இருக்கின்றன. "எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சவ" என்று சொன்னால் எழுத வாசிக்கத் தெரியும் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது இயல்பு. ஆனால் எட்டாம் வகுப்பு என்பது எந்த வருடத்து எட்டாம் வகுப்பு, எத்தனை இடப்பெயர்வுக்கு நடுவில் இருந்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இப்படிக் கேட்டு எழுதும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரித்தானிய ஆட்சியில் 1871 இல் தொடங்கிய முறையான குடிசன மதிப்பீட்டில், எழுத்தறிவுத் தொடர் 1881 இலிருந்து கிடைக்கிறது. அந்த ஆண்டு மொத்தம் 17.4 வீதம், ஆண்கள் 29.8, பெண்கள் 3.1. 1921 இல் 39.9. 1931 பட்டியலில் இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தின்போது அந்தக் கணக்கெடுப்பைச் சுருக்கிவிட்டார்கள். 1946 இல் 57.8, ஆண்கள் 70.1, பெண்கள் 43.8. பிறகு இலவசக் கல்வி ஊருக்கு ஊர் பரவியது. 1981 இல் 87.2, ஆண்கள் 91.1, பெண்கள் 83.2. நூறு வருடத்தில் பெண்களின் எழுத்தறிவு மூன்றிலிருந்து எண்பத்துமூன்றுக்கு வந்தது சின்ன விசயம் அல்ல. அளவுகோலில் எவ்வளவு கோணல் இருந்தாலும் இந்த ஏற்றம் உண்மையானது.

ஆனால் இந்த எண்களை ஒரே கோட்டில் நிரையாக வைத்து ஏணிப்படிபோலப் பார்ப்பதில் சிக்கல் இருக்கிறது. 1946 இன் எண் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கொண்டு கணக்கிட்டது. 1981 இன் எண் 10 வயதும் அதற்கு மேலும். ஐந்து வயதுப் பிள்ளை எழுதமாட்டாது. அதைக் கணக்கில் சேர்த்தால் வீதம் குறையும், விட்டால் கூடும். அயல்நாடான இந்தியாவில் இதை இன்னும் துலக்கமாகப் பார்க்கலாம். 1981 கணக்கெடுப்பில் முழுச் சனத்தொகையையும் வைத்துப் பார்த்தபோது எழுத்தறிவு சுமார் 36 வீதம். பின்னர் 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை விட்டுக் கணக்கிட்டபோது அதே 1981, அதே மக்கள், ஏறத்தாழ 43.6 வீதமானது. ஒருவரும் ஒரு எழுத்துக்கூடப் புதிதாகப் படிக்கவில்லை.

இன்னொரு விசயம் யார் எந்தப் பெயருக்குள் எண்ணப்பட்டார்கள் என்பது. 1901 வரை இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் "தமிழர்" என்ற ஒரே தலைப்பின் கீழ் எண்ணப்பட்டார்கள்; 1911 இல்தான் பிரித்தார்கள். ஆகவே அதற்கு முந்திய "தமிழர் எழுத்தறிவு" என்பது மிசன் பள்ளிக்கூடங்களும் சைவப் பள்ளிக்கூடங்களும் நிறைந்த யாழ்ப்பாணத்தையும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்லாத தேயிலை, கோப்பித் தோட்டத்தையும் கலந்து எடுத்த சராசரி. அந்த எண்ணில் யாழ்ப்பாணத்தவனும் இல்லை, தோட்டத்தவனும் இல்லை.

மலையகத்தைப் பற்றிப் பேசும்போது, எங்கள் பக்கத்துக் கட்டுரைகளில் அதிகம் கண்டிராத ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு நாட்டின் எழுத்தறிவு வீதம் சனங்கள் படிப்பதால் மட்டும் உயர்வதில்லை. படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்களை நாட்டை விட்டு அனுப்பினாலும் உயரும். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பது என்று 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் செய்தார்கள். கப்பலேறியவர்களில் மிகப் பெரிய பகுதி 1971 கணக்கெடுப்புக்கும் 1981 கணக்கெடுப்புக்கும் இடைப்பட்ட வருடங்களில் போனது. எழுத்தறிவில் எப்போதும் நாட்டின் கடைசிப் படியில் வைக்கப்பட்டிருந்தது பெருந்தோட்டத் துறை. அங்கிருந்து இலட்சக்கணக்கானோர் கணக்கிலிருந்து வெளியேறியதும் 1981 இன் 87.2 க்குள் இருக்கிறது. கல்வி அமைச்சின் சாதனைப் பட்டியலில் அதை யாரும் எழுதுவதில்லை.

எங்கள் கதையில் இது மறுபக்கமாக நடந்தது. 1983 க்குப் பிறகு கடல் கடந்து போகக்கூடியவர்கள் போனார்கள். அதில் படித்தவர்கள், காசு புரட்டக்கூடியவர்கள் முன்னுக்கு நின்றார்கள். தற்போதைய எல்லைகளின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981 இல் 7,38,788 பேர். 2012 இல் 5,83,882 பேர். முப்பத்தொரு வருடத்தில் நாடு முழுவதும் சனத்தொகை கூடியது. யாழ்ப்பாணத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்தது. போனவர்கள், செத்தவர்கள், பிறக்காமல் போனவர்கள். மிஞ்சியவர்களின் எழுத்தறிவை 1981 யாழ்ப்பாணத்தின் எழுத்தறிவோடு ஒப்பிடும்போது ஒரே மனிதர்களை நாம் ஒப்பிடவில்லை.

இனி அந்த முப்பத்தொரு வருடத்துக்கு வருவோம். 1981 மார்ச் 17 இல் நடந்த குடிசன மதிப்பீடுதான் போருக்கு முன் வடக்கு கிழக்கு முழுவதையும் எண்ணிய கடைசிக் கணக்கு. எங்கள் எழுத்தறிவு பதியப்பட்டு இரண்டரை மாதத்தில், மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வாசிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையைத் திணைக்களம் கூட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் வாசிக்க இருந்தது எரிந்துகொண்டிருந்தது.

1991 இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு போரினால் நடக்கவில்லை. 2001 இல் நடந்தது. ஆனால் 25 மாவட்டங்களில் 18 இல் மட்டும் முழுமையாக. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு எண்ணப்படவில்லை. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகியவற்றில் ஒரு பகுதிதான் முடிந்தது. 2001 இன் எழுத்தறிவு 91 வீதத்தை ஒட்டியது என்று வெளியிட்டபோது திணைக்களம் "18 மாவட்டங்கள்" என்று அடிக்குறிப்புப் போட்டது. அதற்காகத் திணைக்களத்தைக் குறை சொல்லமுடியாது. ஆனால் அடிக்குறிப்பு கொழும்பிலேயே நின்றுவிடும். எண் மட்டும் பயணம் செய்யும். பாடநூலுக்குப் போகும்போது, வெளிநாட்டு நிறுவனங்களின் அட்டவணைக்குப் போகும்போது, அது "இலங்கை 2001" ஆகிவிடுகிறது. 1981, 2001, 2012 என்று மூன்று புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்த வரைபடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுப்புள்ளியில் நாங்கள் இல்லை.

இடைக்கால ஆய்வுகளும் இப்படித்தான். 1990 இல் தொடங்கிய தொழிற்படை ஆய்விலிருந்து வருடா வருடம் எழுத்தறிவு எண் கிடைக்கிறது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் அது வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டு எடுக்கப்பட்டது. குடித்தொகை சுகாதார ஆய்வு 1993 இலும் 2000 இலும் வடக்கு கிழக்குக்கு வரவில்லை. 2006/07 இல் வடக்குக்கு வரவில்லை. 2016 இல்தான் 25 மாவட்டங்களுக்கும் போனது. வீட்டு வருமான செலவின ஆய்வு 2009/10 இல்கூட மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவை விட்டது. எல்லா மாவட்டங்களும் சேர்ந்தது 2012/13 இல். ஆக, ஒரு தலைமுறை பிறந்து, பள்ளிக்கூடம் போய் அல்லது போகாமல், கலியாணம் முடித்து, பிள்ளை பெறும்வரை அது கல்வியில் எங்கே நின்றது என்பதற்கு நாட்டின் பெரிய கணக்குகளில் பதிவு இல்லை.

இந்தியாவிலும் இப்படி ஓட்டைகள் உண்டு. 1981 இல் அசாமிலும் 1991 இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை. கலவரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கணக்கு நிற்கிறது. பள்ளிக்கூடம் நிற்பதும் அங்கேதான் என்பதால் இந்த ஓட்டை தற்செயலான ஓட்டை அல்ல. எழுத்தறிவு மோசமாகப் பாதிக்கப்படக்கூடிய இடமும் காலமுமே அளவீட்டிலிருந்து விடுபடுகின்றன.

2012 இல் எல்லோரையும் எண்ணினார்கள். அப்போது அந்தத் தலைமுறை கணக்குக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம். வந்தது, ஆனால் எப்படி வந்தது? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சேர்த்து 2012 இல் இரண்டு இலட்சத்து ஆறாயிரம் பேர் அளவில். நாட்டின் இரண்டு கோடி மூன்று இலட்சத்துச் சொச்சத்தில் இது ஒரு வீதம். ஒரு கணக்குக்காக, இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் எண்ணில் அது 0.2 வீதத்துக்கு மேல் தெரியாது. 95.7 என்பது 95.5 ஆகும், அல்லது ஆகாமலே போகும். தேசிய சராசரி பொய் சொல்லத் தேவையில்லை. எங்களை விழுங்கிவிட அதற்கு எங்கள் சிறிய எண்ணிக்கையே போதும்.

அந்த இரண்டு மாவட்டத்திலும் ஒருவர் எப்படிப் படித்திருப்பார் என்பதை இதை வாசிக்கிற பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1984 இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு முதலாம் வகுப்பில் இரண்டாம் ஈழப்போர். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அதற்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடங்கள் அகதி முகாமாகின. மரத்துக்குக் கீழே வகுப்பு. மண்ணெண்ணெய் இல்லாமல் இரவில் படிப்பில்லை. பின்னாளில் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஒளித்து வைத்தவர்களும், பதினாறு வயதில் கலியாணம் முடித்துவைத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால் தாண்டி மனிக் பாம் முகாமுக்கு வந்தபோது சில பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதைப்போலவே ஒரு கதை உண்டு. இவர்களில் பலர் பிறகு முட்டி மோதிப் படித்துப் பல்கலைக்கழகம் வரை போனார்கள், அதுவும் உண்மை. ஆனால் "எட்டாம் வகுப்பு" என்று சொல்லும் எல்லோருடைய எட்டாம் வகுப்பும் ஒன்றல்ல.

கேட்டு எழுதுவதற்குப் பதிலாகச் சோதித்துப் பார்த்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். அங்கே 1840 இலிருந்து 1930 வரை குடிசன மதிப்பீட்டில் எழுத்தறிவைக் கேட்டார்கள். 1930 இல் 10 வயதுக்கு மேற்பட்டோரில் எழுத்தறிவு இல்லாதவர் 4.3 வீதம். அதாவது 95.7 வீதம் எழுத்தறிவு. 2012 இன் இலங்கை எண்ணேதான், வயது எல்லைகூட அதேதான். பிரச்சினை முடிந்துவிட்டது என்று 1940 இல் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

1992 இல் சுமார் 26,000 வளர்ந்தவர்களை வீடு வீடாகச் சென்று சோதித்தார்கள். பத்திரிகைச் செய்தி, பேருந்து நேர அட்டவணை, வங்கி வைப்புப் படிவம் போன்ற நாளாந்தக் கடதாசிகளைக் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். ஐந்து படிகளில் மிகக் கீழ்ப்படியில் 21 முதல் 23 வீதமானோர் நின்றார்கள். நாலு கோடிக்கு மேல். அந்தக் கீழ்ப்படியில் நின்றவர்களிடம் உங்களுக்கு எப்படி வாசிக்கத் தெரியும் என்றும் கேட்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் "நன்றாகத் தெரியும்" அல்லது "மிக நன்றாகத் தெரியும்" என்றார்கள். வீட்டு முற்றத்தில் கேட்டு எழுதும் எழுத்தறிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் வாழ்க்கைக்குத் தேவையான அளவுக்குத் தெரியும் என்று நம்பினார்கள், அல்லது தெரிந்த பிள்ளை, தெரிந்த அயலவர் பக்கத்தில் இருந்தார்கள்.

ஆனால் சோதனையும் தெய்வ வாக்கு அல்ல. 1992 சோதனையில் ஒருவர் ஒரு படியில் நிற்கிறார் என்று சொல்ல, அந்தப் படிக் கேள்விகளுக்கு அவர் 80 வீத நிகழ்தகவில் சரியாகப் பதில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2003 இல் அடுத்த சோதனை நடந்தபோது அதை 67 வீதமாக்கி, படிகளையும் மாற்றியமைத்தார்கள். புதிய முறையில் பழைய 1992 விடைத்தாள்களை மறுபடி கணக்கிட்டபோது, உரைநடை வாசிப்பில் கீழ்ப்படியில் நின்றவர்கள் 14 வீதம்தான். அதே மனிதர்கள், அதே விடைகள். கோடு கீறிய இடம் வேறு. பிரான்சில் இது அரசியலே ஆனது. 1990 களின் நடுப்பகுதியில் நடந்த சர்வதேச வளர்ந்தோர் எழுத்தறிவு ஆய்வில் தன் நாட்டு முடிவு மிக மோசமாக வந்ததைப் பார்த்த பிரான்ஸ், முறை பிழை என்று சொல்லித் தனது எண்களை வெளியிடவிடாமல் விலகிக்கொண்டது. வளர்ந்த நாட்டு அரசாங்கத்துக்கே வெட்கம் இருக்கிறதென்றால், படிவத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு கிழவிக்கு இருக்காதா?

வறிய நாடுகளில் சுகாதார ஆய்வுகளோடு சேர்த்து நடக்கும் சோதனை இன்னும் எளியது. ஒரு அட்டையில் ஒரு வசனம். முழுதாக வாசித்தாரா, ஒரு பகுதியை வாசித்தாரா, வாசிக்கவே இல்லையா என்று குறிப்பார்கள். இடைநிலைக் கல்விக்கு மேல் போனவருக்கு அட்டையே காட்டமாட்டார்கள். தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள். எழுதச் சொல்வதும் இல்லை. இந்த முறையில் எனக்குப் பிடித்த ஒன்று, "தேவையான மொழியில் அட்டை இல்லை" என்று குறிக்க ஒரு தனி இடம் வைத்திருப்பது. எந்த மொழியில் என்ற கேள்வியை அவர்களாவது மறக்கவில்லை.

எங்களுக்கு அந்தக் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் ஒன்றில் எழுத வாசிக்கத் தெரிந்தால் தொகைமதிப்பில் நீங்கள் எழுத்தறிவு உள்ளவர். தமிழில் நாவல் வாசிக்கும் ஒரு அம்மாவின் கையில் சிங்களத்தில் எழுதிய பொலிஸ் வாக்குமூலத்தைக் கொடுத்துக் கையொப்பமிடச் சொன்னால், அந்த இடத்தில் அவர் எழுத்தறிவு உள்ளவரா? 1987 இலிருந்து தமிழும் அரசியலமைப்பின்படி அரசகரும மொழி. முறைப்பாடு செய்பவர் விரும்பும் மொழியில் வாக்குமூலத்தை எடுக்கவேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே 2011 இல் சொல்லிவிட்டது. எனக்கு முன்னால் இன்றும் சிங்களக் கடிதங்களோடு வந்து இருக்கிறார்கள். தன் மொழியில் நன்றாகப் படித்தவரை எழுத்தறிவு அற்றவராக்கும் வல்லமை ஒரு அலுவலகத்துக்கு உண்டு என்பதை எந்தத் தொகைமதிப்பும் எண்ணுவதில்லை.

தமிழில் இருக்கும் கடதாசிகளும் எல்லோருக்கும் ஆனவை அல்ல. நுண்நிதிக் கடன் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தை, வட்டி கணக்கிடும் முறையை, பிணை நிற்பவரின் பொறுப்பை, நான் இரண்டு தரம் வாசித்துத்தான் விளங்கிக்கொள்கிறேன். சாதாரண தரம் சித்தியடைந்த பெண்களும் அதை வாசிக்காமலே கையெழுத்திட்டுவிட்டு, வாராந்தக் கட்டுப்பணம் தப்பிய பிறகு என்னிடம் கொண்டுவருகிறார்கள். யுனெஸ்கோ 1978 இல் "செயற்பாட்டு எழுத்தறிவு" என்று சொன்னது இதைத்தான்: தான் வாழும் சமூகத்தில் தன் அலுவல்களைத் தானே பார்க்கப் போதுமான எழுத்தறிவு. காணாமல்போன மகனைப் பற்றிய படிவத்தில் "கடைசியாகக் கண்ட சூழ்நிலை" என்ற கட்டத்தைத் தன் சொல்லில் நிரப்பக்கூடிய தாய்க்கும், இன்னொருவர் எழுதியதில் பெயரை மட்டும் வரையும் தாய்க்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு பேரும் 95.7 க்குள் இருக்கிறார்கள்.

அடுத்த தொகைமதிப்பு 2021 இல் நடக்கவேண்டியது, பின்தள்ளப்பட்டு 2024 டிசெம்பர் 19 ஐத் தினமாகக் கொண்டு நடந்தது. கடதாசிக்குப் பதில் கைக்கணினி வந்தது. கேட்கும் முறை மாறவில்லை. ஆனாலும் அதைப் பயனுள்ளதாக வாசிக்க ஒரு வழி உண்டு. மொத்த எண்ணைப் பார்க்காமல் வயதுக் கூட்டத்தைப் பின்தொடரவேண்டும். 2012 இல் 25 முதல் 34 வயதாக இருந்தவர்கள் 2024 இல் 37 முதல் 46 வயதுக்காரர். ஒரு மாவட்டத்தில் இந்தக் கூட்டத்தின் எழுத்தறிவு இரண்டு கணக்கிலும் எவ்வளவு? முதியோர் வகுப்பு எதுவும் நடக்காத இடத்தில் அது உயர்ந்திருந்தால், அவர்கள் படித்திருக்கிறார்கள் என்று எடுக்கமுடியாது. தெரியாதவர்கள் இடம் மாறியிருக்கவேண்டும், அல்லது "தெரியும்" என்று சொல்வது கூடியிருக்கவேண்டும். அதே மாவட்டத்தில் அவர்களுக்குப் பத்து வயது மூத்தவர்களைவிட இவர்கள் கீழே நின்றால், போர் எங்கே விழுந்தது என்று தெரியும். சாதாரணமாக இளையவர்கள்தான் மேலே நிற்கவேண்டும்.

இதற்கு மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, ஐந்து வயதுக் கூட்டம், ஆண் பெண் என்று பிரித்த அட்டவணை வேண்டும். எந்த மொழியில் எழுத்தறிவு என்பதும் அதில் இருக்கவேண்டும், தரவு சேகரிக்கப்பட்டிருக்கிறது. வெளியீடுகளில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தமிழில் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். எழுத்தில் கேட்கமுடியாதவர் நேரில் போய் வாயால் கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. அப்படிக் கேட்பதை எழுதிக்கொள்ளவேண்டியது தகவல் அலுவலரின் கடமை.